ஷரீஃபாவுக்கு அங்கீகாரம் கொடுத்தவர்கள்

2023 ஜூன் 12 – விண்ணப்பக் கட்டணம் – ரூ. 5,900
2023 செப்டம்பர் 4 – நேராய்வுக் கட்டணம் – ரூ. 11,800
2023 நவம்பர் 20 – பதிவேட்டுப் பக்கங்களின் சான்று நகல் – ரூ. 240
2024 பிப்ரவரி 7 – மேல்முறையீட்டுக் கட்டணம் – ரூ. 2,360
2024 மே 28 – திருவனந்தபுரம் போய்வர இருவருக்கு ரயில், ஆட்டோ – ரூ. 910
2024 ஆகஸ்ட் 19 – நோட்டரி – ரூ. 300
2024 அக்டோபர் 3 – பதிவுத் தபால் – ரூ. 62

மொத்தம் இருபத்தோராயிரத்து ஐந்நூற்று எழுபத்திரண்டு ரூபாய். முப்பத்தாறு வருஷமாக ஒரு பெண் செய்துவந்த வேலை அவளுக்குத் தெரியும் என்று ஒரு காகிதத்தில் எழுதி வாங்க ஆன செலவு இது. முதல் இரண்டு தொகையை டிரஸ்ட் கொடுத்தது. மீதியை அவள் தன் சம்பளத்திலிருந்து கொடுத்தாள். சம்பளம் மாதம் பதினாலாயிரத்து ஐந்நூறு.

அவள் பெயர் ஷரீஃபா. கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், பழைய சுக்குக் கிடங்கின் மாடியில் எங்கள் தர்ம ஆஸ்பத்திரி இருக்கிறது. இந்த ஊரில் பல தலைமுறையாக வியாபாரம் செய்யும் தமிழர்கள், இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து, நடத்தும் டிரஸ்ட். முறை வைத்து வரும் இரண்டு டாக்டர்கள், ஒரு மருந்து ஜன்னல், ஒரு ரத்தப் பரிசோதனை லேப். லேப் என்றால் ஷரீஃபாதான். 1970 முதல் 2013 வரை அங்கே பதிவேடுகளை எழுதியவன் நான். பெயர் சிவராமகிருஷ்ணன். பஜாரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ‘சுவாமி’ என்றால் திரும்பிப் பார்ப்பேன். இதில் நான் எழுதும் தேதிகளுக்கெல்லாம் என்னிடம் காகிதம் இருக்கிறது. காகிதம் இல்லாமல்போன ஒரு இடத்தையும் சொல்லத்தான் போகிறேன்.

ஷரீஃபா பிறந்தது சுள்ளிக்கலில், 1966-ல். வாப்பா எர்ணாகுளம் பிராட்வேயில் நடைபாதையில் லுங்கியும் துண்டும் விற்றவர். பிரீடிகிரி பாஸாகி, எர்ணாகுளத்தில் லேப் டிப்ளமாவுக்கு இடமும் கிடைத்த மாதத்தில் வாப்பா இறந்தார். டிப்ளமா போயிற்று. எங்கள் டாக்டர் பாக்கியலக்ஷ்மி அவளைச் சோதனைக் குழாய் கழுவும் வேலைக்கு எடுத்தார். பகலில் குழாய் கழுவிவிட்டு, டாக்டர் சாப்பிடப் போகும் நேரத்தில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்காருவாள். ஒருநாள் டாக்டர் பாதிச் சாப்பாட்டில் திரும்பி வந்துவிட்டார்.

“என்ன தெரியறது?”

“மலேரியா இருக்கு டாக்டர். நீங்க இல்லைன்னு எழுதிட்டீங்க.”

டாக்டர் பார்த்தார். இருந்தது. மறுநாளிலிருந்து குழாய் கழுவ வேறு ஆள் வந்தது. மூன்றாவது மாதமே ஷரீஃபா ரத்தப் பிரிவு பார்க்கத் தொடங்கினாள். டாக்டருக்கு ஒரு சட்டம் உண்டு. ரத்தப் பிரிவு அட்டையில், பார்த்தவர் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். “சுருக்கக் கையெழுத்து தப்பிச்சுக்கறவாளுக்கு” என்பார். ஷரீஃபா அன்றிலிருந்து எதிலும் சுருக்கமாகக் கையெழுத்துப் போட்டதில்லை. கேஸ் சிலிண்டர் ரசீதில்கூட.

அவள் வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2017 ஜூலையில் டெங்கு. வீரபாண்டி என்ற சுமட்டுத் தொழிலாளி, நாலு நாள் காய்ச்சல். எர்ணாகுளத்தில் பெரிய லேப் ஒன்றில் எடுத்த ரிப்போர்ட்டில் பிளேட்லெட் பதினாலாயிரம். உடனே அட்மிட் ஆக வேண்டும், ஆறு பாட்டில் ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். டிரஸ்டில் உதவி கேட்க வந்தவனை ஷரீஃபா ஏற இறங்கப் பார்த்தாள்.

“பதினாலாயிரம் இருக்கிறவனா ரெண்டு மாடிப்படி ஏறி வந்து நிக்கிறே? பல் தேய்க்கிறப்போ ரத்தம் வருதா?”

“இல்லக்கா.”

“இங்கே கையைக் காட்டு.”

விரலில் குத்தி, அந்தத் துளியை நேராகக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து எண்ணினாள். ஒரு லட்சத்து இருபதாயிரம். ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் போடும் மருந்து சிலர் ரத்தத்துக்கு ஒத்துக்கொள்ளாது. பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெஷின் ஒட்டிய கட்டியை எண்ணாது. கண் எண்ணும். வீரபாண்டி இரண்டு நாள் கஞ்சி குடித்துப் படுத்துவிட்டு மூட்டை தூக்கப் போய்விட்டான். அந்தப் பெரிய லேபின் வாசலில் பித்தளைச் சட்டத்தில் ஒரு ஆங்கில வார்த்தை தொங்கியது: அக்ரெடிட்டட், அங்கீகாரம் பெற்றது. என்னை இரண்டு வருஷம் தூங்கவிடாத வார்த்தை அது.

2023-ல் புதிய விதி வந்தது. லேப் நடத்த வேண்டுமென்றால் அக்ரெடிட்டேஷன் வேண்டும். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுபவருக்கும் திருவனந்தபுரத்தில் இருக்கும் அரசு கவுன்சிலின் அங்கீகாரம் வேண்டும். டிப்ளமா இல்லாதவர்களில் 1988 மார்ச் 31-க்குள் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு மட்டும், ஒரே ஒரு தடவை, அனுபவத்தின் பேரில் தருவார்கள். ஏன் அந்தத் தேதி என்று யாரும் சொல்லவில்லை. ஷரீஃபா சேர்ந்தது 1987 செப்டம்பர் 21, திங்கட்கிழமை. ஆறு மாதம் மிச்சமிருந்தது. டிரஸ்ட் செயலாளர் அல்தாஃப், மிளகு மொத்த வியாபாரி, விண்ணப்பத்தைப் போட்டார்.

செப்டம்பர் 26-ம் தேதி கவுன்சிலிலிருந்து இருவர் வந்து பார்த்தார்கள். பதினோரு நிமிஷம். தீயணைப்பு சிலிண்டர் இருக்கிறதா, கழிவுப் பைகள் மூன்று நிறத்தில் இருக்கின்றனவா, பெயர்ப்பலகையின் அளவு சரியா. மைக்ராஸ்கோப்பில் ஒரு தகடு இருந்தது. குனிந்து பார்க்கிறீர்களா என்று ஷரீஃபா கேட்டாள். “அதொந்நும் வேண்டா” என்றார் ஒருவர். ஒரு பெண்ணுக்கு அவள் வேலை தெரியுமா என்று பார்க்க வந்தவர்கள், அவள் வேலையைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நவம்பர் 9-ம் தேதி பதில் வந்தது. “தங்கள் ஆவணங்களின்படி விண்ணப்பதாரர் சேர்ந்த தேதி 21.09.1988. எனவே நிராகரிக்கப்படுகிறது.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாற்பத்து மூன்று வருஷப் பதிவேட்டில் ஒரு அடித்தல் கிடையாது. பிழை எங்கே நடந்தது என்று எனக்கு உடனே விளங்கியது, அல்லது விளங்கியதாக நினைத்தேன்.

எங்கள் டிரஸ்டைத் தொடங்கியவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். தர்மக் கணக்கு சிங்கம் மாதம், நம் ஆவணி, ஒன்றாம் தேதி தொடங்க வேண்டும். எல்லாப் பதிவேடும் அன்று பிறக்கும் கேரளத்துக் கொல்லம் ஆண்டில்தான். நோயாளிக்குக் கொடுக்கும் காகிதத்தில் மட்டும் இங்கிலீஷ் தேதி. ஷரீஃபா சேர்ந்த நாளைப் பதிவேட்டில் 1163 கன்னி 5 என்று எழுதியிருக்கிறேன். கொல்லம் ஆண்டை இங்கிலீஷ் ஆண்டாக்க, சிங்கத்திலிருந்து தனுவில் டிசம்பர் முடியும்வரை 824 கூட்ட வேண்டும். ஜனவரி பிறந்த பிறகு 825. கன்னி என்பது செப்டம்பர். ஆகவே 1987. கவுன்சிலில் யாரோ கண்ணை மூடிக்கொண்டு 825 கூட்டிவிட்டார்கள்.

மேல்முறையீடு பதினொரு பக்கம் எழுதினேன். மூன்று பக்கம், வாய்ப்பாடு தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல, கொல்லம் ஆண்டைக் கணக்கிடும் முறை. “இந்தச் சிறிய கூட்டல் தெரியாதவர்கள் பிறருடைய தகுதியை அளக்க உட்கார்ந்திருப்பது வெட்கக்கேடு” என்று ஒரு வாக்கியம். நாலாம் ஐந்தாம் பக்கங்களில் அக்ரெடிட் என்ற அந்த வார்த்தையைப் பற்றி எழுதினேன்.

அதற்காக எர்ணாகுளம் லைப்ரரிக்கு மூன்று நாள் போனேன். பெரிய அகராதிகளில் அந்த வார்த்தைக்குப் பல பொருள் இருந்தன. ஒருவர் பேச்சை நம்புவது. ஒரு செயலை இன்னார் செய்தது என்று ஏற்றுச் சொல்வது. ஒரு தூதரைக் கடிதம் கொடுத்து வேறு அரசரிடம் அனுப்புவது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போன்றவை குறித்த தரத்தில் இருக்கின்றன என்று அறிவிப்பது, இது பின்னால் வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கு வந்த வார்த்தை. பிரெஞ்சுக்கு லத்தீனிலிருந்து. லத்தீனில் அதன் வேர் ‘நம்பு’ என்பதுதான். கடைக்காரர் கடன் கொடுக்கும் கிரெடிட்டும் அந்த வேரில் முளைத்ததே. இன்னும் பின்னால் போனால், லத்தீன் வேரும் வடமொழியின் ‘ச்ரத்தா’வும் ஒரே பழஞ்சொல்லின் பிள்ளைகள், இதயத்தை ஒன்றின் மேல் வைப்பது என்பது அதன் பொருள் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். நாம் சிரத்தை என்கிறோம். இங்கே மின்கம்பத்தில் மண்டையோட்டுக்குக் கீழே சிவப்பில் ‘ஸ்ரத்திக்குக’, கவனமாக இரு, என்று எழுதுகிறார்கள்.

எனக்கு முக்கியமாகப் பட்டது தூதர் விஷயம். அரசர் ஒரு ஆளை வருஷக்கணக்கில் பார்க்கிறார், நம்புகிறார், அதன் பிறகு கடிதம் எழுதித் தருகிறார். நம்பிக்கை முதலில். காகிதம் அதற்குப் பின்னால் வருகிற வால். கவுன்சில் வாலை மட்டும் வைத்துக்கொண்டு மாட்டை விற்கிறது என்று எழுதினேன். ஷரீஃபாவை இந்த பஜார் 1987-லேயே அக்ரெடிட் செய்துவிட்டது, நீங்கள் யார் என்றும் எழுதினேன்.

ஷரீஃபா வாசித்துப் பார்த்தாள். “சுவாமி, இது மனுவா, சண்டையா?”

“ரெண்டும்.”

“மாட்டு வாலெல்லாம் வேணுமா? எனக்கு ஒப்பு மட்டும் போட விட்டா மதி.”

ஒப்பு என்றால் இங்கே கையெழுத்து; அதைப் போட விட்டால் போதும் என்கிறாள். நான் கேட்கவில்லை. அனுப்பினேன்.

இதற்கிடையில் அவள் கையெழுத்துக்கு மதிப்பில்லாமல் போயிருந்தது. அல்தாஃப் ஒரு வழி கண்டுபிடித்தார். எர்ணாகுளத்தில் அந்தப் பித்தளைச் சட்ட லேபில் வேலை பார்க்கும் நிகில் என்ற டெக்னீஷியன், இருபத்தாறு வயது, டிப்ளமாக்காரன். வாரத்தில் இரண்டு நாள் வந்து போவான். வராத நாட்களுக்காக வெற்று ரிப்போர்ட் தாள்களில் கையெழுத்துப் போட்டு வைப்பான். முதல் கட்டு நூறு தாள். அல்தாஃப் அதைக் கொண்டுவந்து ஷரீஃபாவின் மேஜையில் வைத்தார்.

“இத்தா, நீங்க பார்த்து மேலே எழுதிக்குங்க. கீழே ஒப்பு ரெடி.”

“நான் எண்ணினதுக்குக் கீழே அவன் பேரா?”

“பேர் யாருதா இருந்தா எந்தா? ரிசல்ட் சரியா இருந்தாப் போதாதா?”

“தப்பா இருந்தா? அந்தப் பிள்ளையை இல்லே பிடிப்பாங்க! காணாத ரத்தத்துக்கு அவன் ஜெயிலுக்குப் போகணுமா?”

நூறு தாளையும் குறுக்கே கோடு போட்டு நிகிலிடமே திருப்பிக் கொடுத்தாள். அவன் காது சிவந்துபோய் வாங்கிக்கொண்டான். “ஸாரி ஷரீஃபாத்தா. எங்க லேப்லயும் இப்படித்தான் செய்யறாங்க” என்றான். அதைச் சொன்னது யோக்கியம். ஆனால் அதைக் கேட்டதிலிருந்து அந்தப் பித்தளைச் சட்டத்தை நினைத்தால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது.

அதன் பிறகு நிகில் உட்கார்ந்து தானே பார்த்துக் கையெழுத்துப் போடும் செவ்வாய், வெள்ளி மட்டும் லேப் நடந்தது. மற்ற நாட்களில் ஷரீஃபா கண்ணாடித் தகடுகளைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வருபவர்களைத் திருப்பி அனுப்புவாள். மூன்று மாதத்தில் வருகை பாதியாயிற்று. இந்த வருஷத்துக்குள் அங்கீகாரம் வராவிட்டால் லேபை மூடிவிடுவதென்று கமிட்டி தீர்மானம் போட்டது. மூடினால் ஐம்பத்தெட்டு வயதில், டிப்ளமா இல்லாத ஒருத்தியை எந்த லேப் வாசலில் ஏற்றும்?

மே 28-ம் தேதி திருவனந்தபுரத்தில் விசாரணை. கொச்சியில் கொட்டிய மழையில் ரயில் இரண்டு மணி நேரம் தாமதம். நானும் ஷரீஃபாவும் நனைந்த காலோடு உட்கார்ந்தோம். விசாரித்த அதிகாரி நடுத்தர வயது ஆள், மரியாதையாகப் பேசினார். என் மேல்முறையீட்டை எடுத்தார். நாலாம் ஐந்தாம் பக்கங்களின் குறுக்கே ‘தொடர்பற்றது’ என்று பென்சிலால் எழுதியிருந்தது.

“கொல்ல வர்ஷம் எனிக்கும் அறியாம் சுவாமி” என்றார், தனக்கும் தெரியும் என்று சிரித்துக்கொண்டு. பிறகு தமிழில், எனக்காகத்தான், மெதுவாகச் சொன்னார். “நாங்க ஒண்ணும் கூட்டலை. உங்க டிரஸ்ட் தந்த பேப்பர்தான் இது. பாருங்க.”

பழுப்பேறிய ஒரு தாள். 1999-ல் டிரஸ்ட் பிராவிடண்ட் ஃபண்டில் சேர்ந்தபோது கொடுத்த ஊழியர் பட்டியல். பதினொரு பெயர்கள், சேர்ந்த தேதி இங்கிலீஷில். ஏழாவது பெயர் ஷரீஃபா, 21.09.1988. கீழே கையெழுத்து என்னுடையது. எழுத்தும் என்னுடையது. அல்தாஃப் என்னிடம் சொல்லாமல் விண்ணப்பத்தோடு இணைத்திருக்கிறார். அவர்மேல் என்ன தப்பு?

எப்படி நடந்தது என்று அங்கேயே, அந்த நாற்காலியிலேயே புரிந்தது. பதினொருவரில் ஏழு பேர் மேடம், இடவம் மாதங்களில், அதாவது ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவில், சேர்ந்தவர்கள். 825 கூட்ட வேண்டியவர்கள். முதல் ஆளுக்குக் கூட்டினேன், இரண்டாம் ஆளுக்குக் கூட்டினேன், அப்படியே பத்தி முழுவதும் மேலிருந்து கீழே ஒரே மூச்சில் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். மாதத்தைப் பார்க்கவில்லை. நாலு பேருக்கு ஒரு வருஷம் பிழை. அந்தத் தாளுக்கு நகல் வைத்துக்கொள்ளவில்லை. என் வாழ்நாளில் நான் நகல் வைத்துக்கொள்ளாத ஒரே தாள் அது. வெட்கக்கேடு என்று நான் எழுதிய வாக்கியம் அவர் மேஜையில் மேலாகத் திறந்து கிடந்தது.

“இது என் எழுத்து. பிழை என்னுடையது. பதிவேடுதான் சரி” என்றேன்.

“அப்போ அன்னிக்கு ஒப்பு வெச்சது தப்புன்னு நீங்களே சொல்றீங்க. இன்னிக்குச் சொல்றது சரின்னு நான் எப்படி நம்பறது?”

அந்தக் கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

திரும்பும் ரயில் ஆலப்புழையைத் தாண்டியது. ஷரீஃபா வாழைப்பழத்தை உரித்து நீட்டினாள்.

“ஒரு வருஷம் குறைச்சு எழுதிட்டீங்க, அல்லே? போகட்டும். வயசுலயும் ஒண்ணு குறைச்சுத் தாங்க.”

“சிரிக்காதே ஷரீஃபா. எனக்கு என்மேல ஆத்திரம் ஆத்திரமா வரது.”

“எனக்கும் வருது சுவாமி. உங்க மேலதான். அதுக்காகப் பட்டினி கிடக்க முடியுமா? சாப்பிடுங்க.”

வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூலையில் பிரமாண வாக்குமூலம் கேட்டார்கள். ஆகஸ்ட் 19-ம் தேதி நோட்டரி முன்னால் என் பிழையை எண், எழுத்து இரண்டிலும் எழுதிக் கொடுத்தேன். மற்ற மூன்று பேருக்கும் இழைத்த பிழையையும் சேர்த்து. செப்டம்பர் 2-ம் தேதி பதில்: வாக்குமூலம் மட்டும் போதாது. 1988 மார்ச் 31-க்கு முற்பட்ட, இங்கிலீஷ் தேதியுள்ள, விண்ணப்பதாரரின் கையெழுத்துள்ள அசல் ஆவணம் ஒன்று வேண்டும்.

அப்போதுதான் ரத்தப் பிரிவு அட்டை நினைவுக்கு வந்தது. எனக்கு அல்ல, அவளுக்கு. அல்தாஃப் பஜார் வாட்ஸ்அப் குழுக்களில் கேட்டுச் செய்தி போட்டார். பதினேழு அட்டைகள் வந்தன. பர்ஸில் மடிந்து இரண்டாகக் கிழிந்தவை, லேமினேட் செய்தவை, ஒன்று கல்யாண ஆல்பத்தில் ஒட்டியிருந்தது. அவற்றில் பதினாறு, அந்த மார்ச் 31-க்குப் பிற்பட்டவை. ஒன்றே ஒன்று 1987 டிசம்பர் 14. பிராவிஷன் கடை வைத்திருந்த பரீத் என்பவருடையது, இப்போது எழுபத்திரண்டு வயது. ஓ நெகட்டிவ். கீழே முழுப் பெயரில் ஷரீஃபாவின் கையெழுத்து, மசி கொஞ்சமும் மங்காமல்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைத் தபாலில் போட உறையை எடுத்தேன்.

“நில்லுங்க சுவாமி” என்றாள் ஷரீஃபா. “பதினேழு பேரையும் வரச் சொல்லுங்க. மறுபடி பார்க்கணும்.”

“எதுக்கு? தேதிதானே வேணும்?”

“என் ஒப்புக்குச் சாட்சி சொல்லப் போற கார்டு. அது சரியான்னு நான் பார்க்க வேண்டாமா?”

பதினாறும் சரியாக இருந்தன. பரீதின் ரத்தத்தில் அவள் நின்றுவிட்டாள். மூன்று தடவை செய்தாள். ரத்த வங்கிக்கு அனுப்பியும் பார்த்தாள். ஓ பாசிட்டிவ். மிக மெல்லிய பாசிட்டிவ், எண்பத்தேழில் இருந்த மருந்துக்குத் தட்டுப்படாமல் போயிருக்கக்கூடியது. அன்று யார் பார்த்திருந்தாலும் நெகட்டிவ் என்றுதான் எழுதியிருப்பார்கள் என்று ரத்த வங்கி டாக்டரும் சொன்னார். நல்ல வேளை, இத்தனை வருஷத்தில் பரீத் ரத்தம் கொடுத்ததும் இல்லை, வாங்கியதும் இல்லை.

“படச்சோனே!” என்றார் பரீத். “முப்பத்தேழு வருஷமா அபூர்வ ரத்தம்னு பெண்டாட்டிகிட்ட அளந்துட்டிருக்கேன். இனி வீட்ல எப்படி நுழைவேன்?”

எல்லோரும் சிரித்தோம். ஷரீஃபா சிரிக்கவில்லை. உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினாள்: இந்த அட்டையில் நான் குறித்த ரத்தப் பிரிவு பிழையானது, இன்ன தேதியில் மறுபரிசோதனை செய்தேன், சரியான பிரிவு இது, பிழைக்கு நானே பொறுப்பு. முழுக் கையெழுத்து.

அல்தாஃப் தலையில் கை வைத்துக்கொண்டார். “இத்தா, லேபுக்குக் குழி தோண்டறீங்க. அவங்க கேட்டது தேதி. பிரிவு யாரு கேட்டா?”

நானும் அவர் பக்கம்தான் பேசினேன். அதை மறைக்காமல் எழுதுகிறேன். “அனுப்ப வேண்டாம் ஷரீஃபா. இது அவா கையில கிடைச்சா, வேலை தெரியாதவள்னு ஒரே வரியில முடிச்சுடுவா” என்றேன்.

“நீங்க உங்க தப்பை நோட்டரி வெச்சு எழுதினீங்க, அல்லே? அது உங்களுக்கு மட்டும் உள்ள உரிமையா?”

உறையில் விலாசம் எழுதினேன். ஆவணம் ஒன்று, பரீதின் அட்டை. ஆவணம் இரண்டு, அவள் எழுதிய தாள். அக்டோபர் 3-ம் தேதி அனுப்பினோம்.

மூன்றரை மாதம் ஒன்றும் வரவில்லை. டிசம்பர் முடிந்தது. கமிட்டியிடம் கெஞ்சி அல்தாஃப் ஒரு மாதம் தவணை வாங்கினார். ஷரீஃபா தினமும் ஒன்பது மணிக்கு வந்து மைக்ராஸ்கோப்பின் உறையைக் கழற்றுவாள், ஐந்து மணிக்கு மாட்டுவாள். ‘இல்லை என்று சொன்னாலும் சரி, வாசித்துவிட்டுச் சொல்லட்டும்’ என்று ஒருநாள் சொன்னாள். அந்தத் தாளை எழுதிய கையை அவர்கள் தண்டிப்பார்கள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

கடிதம் வந்தது. ஆறு வரி. “ஆவணம் எண் 1-ல் உள்ள தேதியும் கையெழுத்தும் ஏற்கப்பட்டன. விண்ணப்பதாரருக்கு அங்கீகாரம் வழங்கப்படுகிறது. சான்றிதழைப் பொதுமக்கள் பார்வையில் படும்படி சட்டமிட்டு மாட்ட வேண்டும்.” ஆவணம் எண் 2 பற்றி ஒரு சொல் இல்லை. நான் போன் செய்தேன். கவுன்சில் எழுத்தர் கோப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது. “ரெண்டாமத்த ஆவணமா? அது திறந்து நோக்கியிட்டில்ல. முதலாவதே போதுமாயிருந்தது” என்றார். அட்டையிலும் அவர்கள் தேதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். அதில் எழுதியிருந்த ரத்தப் பிரிவு என்னவென்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

தன் கையால் தன் பிழையை எழுதி அனுப்பிய ஒருத்தியை, பிழையான ஒரு அட்டையின் பேரில், அந்தப் பிழையையும் பார்க்காமல், அதை ஒப்புக்கொண்டதையும் பார்க்காமல் அங்கீகரித்திருக்கிறார்கள். நிராகரித்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. நிராகரிக்க வாசித்தாக வேண்டும்.

அல்தாஃப் பஜாரில் லட்டு வாங்கிக் கொடுத்தார். ஷரீஃபா ஒன்றை எடுத்துக்கொண்டு, “அந்தக் காயிதம் யாரும் வாசிக்கலை, அல்லே?” என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். லட்டை மேஜையில் வைத்தாள். வெளியே பெஞ்சில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஆளைக் கூப்பிட்டு, விரலில் குத்தி, எண்ணி, ரிப்போர்ட் எழுதி, கீழே முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று அவள் அப்படிப் போட்டு.

ஓய்வுக்குப் பிறகு முதல் தடவையாக வரவுப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிக் கடிதத்தை ஏற்றினேன், இந்த ஒரு தேதியை மட்டும் இங்கிலீஷில். வந்த நாள் 2025 ஜனவரி 22, புதன்கிழமை.